முதலில் இடத்தைச் சொல்

எம்.எஸ்ஸி. முடித்த கையோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். "மேடம், பயோடைவர்சிட்டியில பிஎச்.டி. பண்ணணும். நல்ல டாபிக் ஒண்ணு சொல்லுங்க." நான் தலைப்புச் சொல்வதில்லை. "எந்த இடத்துக்குப் போகப்போற? முதல்ல அதைச் சொல்லு" என்பேன். சிலர் முழிப்பார்கள். சிலர் "வெஸ்டர்ன் காட்ஸ்" என்பார்கள். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி, கன்னியாகுமரிக்குப் பக்கம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடர் அது. ஐந்து வருஷத்தில் ஒரு ஆள் அதில் ஒரு ஓடைக்கரையை ஓரளவு அறியலாம். எந்த ஓடை என்று தெரிந்துவிட்டால் தலைப்பு பின்னாலேயே வந்துவிடும்.

என் கைடு எனக்குச் செய்ததும் அதுதான். 80களின் கடைசியில் பதிவு செய்யப் போனபோது, சர்வே ஆஃப் இந்தியாவின் டோபோஷீட் ஒன்றை மேஜைமேல் விரித்தார். தாமிரபரணிக்குத் தண்ணீர் இறங்கிவரும் சரிவு ஒன்றில் விரலை வைத்தார். "கேம்பிள்ல இந்தப் பக்கத்துக்குப் பேர் மட்டும் இருக்கு. விவரம் இல்ல. போய்ப் பாரும்மா" என்றார். கேம்பிள் என்றால் எங்கள் துறையில் ஆளும் அதுதான், புத்தகமும் அதுதான். மெட்ராஸ் மாகாணத்தின் தாவரங்களை அவர் எழுதத் தொடங்கி, அவர் காலத்துக்குப் பிறகு ஃபிஷர் முடித்தார். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. இன்றைக்கும் தென்னிந்தியாவில் ஒரு செடியின் பெயரைக் கண்டுபிடிக்க உட்காருகிறவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் பல செடிகளுக்கு அதில் "திருநெல்வேலி மலைகள்" என்பதற்குமேல் இடக்குறிப்பு இருக்காது. எந்தச் சரிவு, எத்தனை அடி உயரம், எந்த மாதம் பூக்கிறது என்று தேடினாலே ஒரு தீசிஸ் ஆகிவிடும்.

அப்போது தாவரவியல் துறைகளில் பலருக்கும் அப்படித்தான் தலைப்பு அமைந்தது: இன்ன தாலுகாவின் தாவரங்கள், இன்ன மலையின் தாவரங்கள். பட்டியல் போடுகிற வேலை என்று அதைக் குறைவாகப் பேசியவர்கள் உண்டு. நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கிய ஃபாதர் மேத்யூ, கர்நாட்டிக் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 80களில் கொண்டுவந்த தொகுதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு செடிக்கும் பின்னால் அதை உலர்த்தி ஒட்டிய ஒரு ஷீட், ஒவ்வொரு ஷீட்டுக்கும் பின்னால் ஒரு நாள், ஒரு இடம். சந்தேகம் வந்தால் அலமாரியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் என்பது அந்த மாதிரி இருந்தால் அதன்மேல் மற்ற ஆராய்ச்சி எல்லாம் நிற்கும்.

1992இல் ரியோ மாநாடு நடந்தது. அதற்குப் பிறகு சில வருஷங்களுக்குள் தலைப்புகள் மாறின. ஃப்ளோரா என்று இருந்த இடத்தில் பயோடைவர்சிட்டி வந்தது. ஆய்வுநிதி அந்தப் பெயருக்குத்தான் கிடைத்தது. பெயர் மாறியதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, அதனால் நல்லதும் நடந்தது. செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதில் உட்காரும் தேனீயையும், அதன் பழத்தைத் தின்னும் குரங்கையும், சுற்றியிருக்கும் மண்ணையும் பார்க்கத் தொடங்கினார்கள். விலங்கியல்காரர்களும் நாங்களும் ஒரே ஜீப்பில் ஏறினோம்.

வெளியாட்களுக்குத் தெரியாத முதல் பாடம் அனுமதி. சரணாலயத்துக்குள் ஆராய்ச்சிக்காக நுழைய 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் சென்னைக்குப் போகும். அங்கிருந்து கருத்துக் கேட்டுக் கீழே இறங்கும், மறுபடி மேலே ஏறும். இதற்குள் ஒரு மழைக்காலம் கடந்துவிடும். பூ யாருக்காகவும் காத்திருக்காது. ஜூனில் பாறையில் முளைத்து டிசம்பரில் காய்ந்துபோகும் செடியைப் பற்றி ஆராய்கிற பிள்ளைக்கு ஜனவரியில் அனுமதி வந்தால், கணக்கில் ஒரு வருஷம் போய்விட்டது. அதனால் என் மாணவர்களைப் பதிவு செய்த வாரமே விண்ணப்பம் எழுத வைப்பேன். அதோடு நிறுத்தாமல் ரேஞ்ச் ஆபீசுக்கும் நேரில் அனுப்புவேன். "ஐயா, நான் இன்ன ஆள், இன்ன ஓடையில் இன்ன வேலை செய்யப்போறேன்" என்று முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும். தீசிஸ் முடிந்ததும் பத்துப் பக்கத்தில் தமிழில் ஒரு அறிக்கை எழுதி அதே ரேஞ்சில் கொடுக்கச் சொல்வேன். ஆங்கிலத்தில் எழுதிய தடித்த புத்தகத்தை வனத்துறை வாட்சர் படிக்கப்போவதில்லை. தான் தினமும் நடக்கிற பாதையில் என்ன செடி இருக்கிறது என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் அவர் அதைக் கடைசிவரை வைத்திருப்பார்.

பெண்ணாகப் போன எனக்கு இன்னொரு வாசலும் இருந்தது. வயசுப்பெண்ணைக் காட்டில் எப்படித் தங்கவிடுவது என்று கேட்டார்கள். வீட்டிலும் கேட்டார்கள், அலுவலகத்திலும் கேட்டார்கள். கடைசியில் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்கா தன் குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில் கொடுத்தார். நான் ஈரச் செடியோடு இருட்டுகிற நேரம் வருவேன். அவர் வெந்நீர் போட்டு வைத்திருப்பார். என் காலில் அட்டை கடித்த இடங்களைக் கணக்கெடுத்து மருந்து போடுவார். அந்தக் கட்டில் இல்லாவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை. என் தீசிஸின் நன்றிப் பக்கத்தில் கைடுக்கு அடுத்து அவர் பெயர்தான் இருக்கிறது. பிற்காலத்தில் என்னிடம் வந்த பெண்கள் மூன்று பேர் சேர்ந்து எஸ்டேட் லைனில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கினார்கள். 2016 முதல் யு.ஜி.சி. விதிகளில் பெண்களுக்கு ஆறு வருஷத்துக்குமேல் இரண்டு வருஷம் கூடுதலாக உண்டு. 240 நாள் வரை பிரசவ விடுப்பும் உண்டு. என் மாணவி ஒருத்தி அந்த விடுப்பில் போய்விட்டுத் திரும்பி வந்து, அதே ஓடையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எங்கள் காலத்தில் கல்யாணம் ஆனால் பெயரை அடித்துவிடுவார்கள்.

நான் வேலை செய்த களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ஏறும் பஸ், காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று போய்க்கொண்டே இருக்கும். கீழே முள்காடு. ஏற ஏற மரம் உயர்ந்து, காக்காச்சியில் இறங்கினால் மேல்சட்டைக்குமேல் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும். இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை காடு மாறுவதைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டேன். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அங்கே பெய்யும்.

மழை செடிக்கு நல்லது. செடியை உலர்த்துகிறவர்களுக்குச் சோதனை. காட்டில் பறித்த கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து, பூவும் இலையின் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி விரித்து, அடுக்கி, மரச்சட்டத்தில் வைத்து வார் போட்டு இறுக்க வேண்டும். மறுநாள் அத்தனை தாளையும் மாற்ற வேண்டும். அதற்கடுத்த நாளும் மாற்ற வேண்டும். ஐப்பசி அடைமழையில் மாற்றுகிற தாளே ஈரமாக இருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொரு தாளாகக் காட்டிச் சூடாக்கி, அந்தச் சூடு ஆறுவதற்குள் செடியை மாற்றி வைப்போம். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடையும் பச்சிலை வாடையும் கலந்து கிடக்கும். அதிலும் முடியாத நாட்களில் கட்டை அப்படியே பாலிதீன் பைக்குள் போட்டு ஸ்பிரிட் ஊற்றிக் கட்டிவிடுவோம். பூசணம் வராது, இலையும் உதிராது. நிறம் மட்டும் போய்விடும். அதனால் நிறத்தைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். குருவிச்சை வகைகளைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத்தான் வைப்போம். இல்லாவிட்டால் காய்ந்த மறுநாளே இலை எல்லாம் தனித்தனியாகக் கொட்டிவிடும்.

ஃபீல்டு புக்கில் என்ன எழுதுவது என்பதில்தான் ஆராய்ச்சியாளர் யார் என்று தெரியும். இடம், உயரம், தேதி, சேகரிப்பு எண் எல்லாரும் எழுதுவார்கள். மரம் எத்தனை அடி, பட்டையைக் கீறினால் பால் வருகிறதா பிசின் வருகிறதா, என்ன வாடை, பூவுக்கு யார் வந்தார்கள், பக்கத்தில் என்ன நின்றது என்பது உலர்ந்த ஷீட்டில் தெரியாது. அங்கே நின்றவர் எழுதினால்தான் உண்டு. நான் மாணவர்களின் தீசிஸைப் படிப்பதற்குமுன் ஃபீல்டு புக்கைத்தான் வாங்கிப் பார்ப்பேன். மழையில் நனைந்து உலர்ந்த பக்கம், பென்சிலில் எழுதியிருந்தால் அழியாமல் இருக்கும். பேனாவில் எழுதியவர்களைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.

அந்த வாடை பார்க்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவர் சின்ன மயிலாறு காணிப் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். இலவங்க இனத்தைச் சேர்ந்த மரங்கள் சரிவு முழுக்க நிற்கும். பூ இல்லாமல் அவற்றைப் பிரிப்பது புத்தகத்தை வைத்து முடியாத காரியம். நான் கேம்பிளைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டி விரலை மூக்கருகில் கொண்டுபோவார். "டீச்சரம்மா, இது அந்த ஜாதி இல்ல. இதை மோந்து பாருங்க, எரிப்பு இருக்கும். அதுல இனிப்புதான் வரும்." ஆறு மாதம் கழித்துப் பூத்தபோது பார்த்தால் அவர் இரண்டாகப் பிரித்தவை இரண்டுதான். பிறகு எந்தக் காட்டுக்குப் போனாலும் முதல் நாள் அந்த ஊர்க்காரரோடு வெறுமனே நடந்து வருவது என் வழக்கமாயிற்று.

இப்படிப் பெற்றுக்கொண்டதற்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி, அதே மலைப்பகுதியான அகத்தியமலையிலேயே பெரிதாக எழுந்தது. 1987இல் மலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், கூடவந்த காணிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்கிற அந்தச் செடியை வைத்துப் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. அதற்காக அவர்கள் பெயரில் ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. அதில் பல சிக்கல்கள் வந்தன. எந்தப் பகுதிக் காணிகளுக்குச் சேரும் என்பதிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனாலும் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்று பேச வைத்தது. 2002இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில் அமைந்தது. எங்கள் காலத்தில் தபாலில் லண்டனில் உள்ள க்யூ தாவரவியல் பூங்காவுக்குப் போன மாதிரிகள் இன்று விதிகளுக்கு உட்பட்டுத்தான் நாட்டைவிட்டுப் போகும். கூடுதல் காகிதவேலை என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். நான் அவர்களோடு சேர்ந்து அலுத்துக்கொள்வதில்லை. நூறு வருஷத்துக்கு முன் இங்கிருந்து போன ஷீட்டுகளைப் பார்க்க நாம் லண்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தவர்கள்.

அந்தக் காத்திருப்பையும் சொல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கினால் அடுத்த வேலை கோயம்புத்தூரில். மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பெயரில் இருந்தாலும் அது அங்கேதான், வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் இருக்கிறது. இரும்பு அலமாரியைத் திறந்தால் நாப்தலின் வாடை முகத்தில் அறையும். என் செடியை ஒரு பக்கமும், பழைய சேகரிப்பாளர்களான பெடோமோ ஃபிஷரோ சேகரித்த ஷீட்டை மறுபக்கமும் வைத்து லென்ஸில் பார்த்துக்கொண்டே இருப்பேன். இலையின் அடியில் மயிர் உண்டா, ஒற்றை மயிரா நட்சத்திர மயிரா. பொருந்தாத செடிகளைத் தனியாகக் கட்டிவைப்பேன். அந்தக் கட்டுக்கு விடை க்யூவிலிருந்து வரவேண்டும். கடிதம் போய், அங்கே ஒருவர் அந்தச் செடிக்கு முதலில் பெயர் வைத்தபோது பயன்பட்ட மூல மாதிரியை எடுத்துப் பார்த்து, பதில் வர மாதங்கள் ஆகும். இன்று அந்த மூல மாதிரிகளில் மிகப் பல இணையத்தில் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்தால் மயிரைக்கூட எண்ணலாம். என் மாணவர்கள் விடுதி அறையில் இருந்தபடி ஒரு மாலைக்குள் முடிக்கிற ஒப்பீடு அது. இந்தத் தொழிலில் நான் கண்ட மாற்றங்களில் மிக நல்ல மாற்றம் எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

லத்தீனும் போய்விட்டது. 1935 முதல் 2011 முடியும்வரை புதிய செடி ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் லத்தீனில் விளக்கம் எழுதியாக வேண்டும். எங்களுக்கு அதைத் திருத்திக் கொடுத்தவர் பாளையங்கோட்டையில் ஓய்வில் இருந்த ஒரு வயதான பாதிரியார். இலை, காம்பு, சூலகம் என்று நான் விளக்க விளக்க, வேற்றுமை விகுதிகளைச் சிவப்பு மையில் திருத்துவார். 2012 முதல் ஆங்கிலம் போதும், இணைய இதழில் வெளியிட்டாலும் செல்லும் என்றாகிவிட்டது. வேகம் கூடியிருக்கிறது. நமக்கு அந்த வேகம் தேவையும்கூட. காடு குறைகிற வேகத்துக்கு நாம் பெயர் வைக்கிற வேகம் இன்னும் காணாது.

புதிய இனம் என்ற ஆசை மட்டும் எந்தக் காலத்திலும் மாறவில்லை. ஒரு மாணவன் பாறை இடுக்கிலிருந்து ஒரு சின்னச் செடியைக் கொண்டுவந்து, "மேடம், இது எந்தப் புத்தகத்திலும் இல்ல" என்றான். கண்ணெல்லாம் ஒளி. அடுத்த வருஷம் காய் பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். அவனுக்கு வருத்தம்தான். காய் வந்தது. பழைய ஷீட்டுகளோடு ஒப்பிட்டான். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் சேகரித்திராத, ஏற்கெனவே பெயருள்ள செடி அது. இப்போது அது எங்கே, எத்தனை நிற்கிறது, எந்தப் பூச்சி வருகிறது என்பதெல்லாம் அவனுடைய தீசிஸில் இருக்கிறது. ஒரு புதுப் பெயரைவிட அந்த அத்தியாயம் காட்டுக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

காசித்தும்பை இனத்தை எடுத்துக்கொண்ட மாணவியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தப் பேரினத்தின் செடிகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ஈரப்பாறையில் ஒட்டி முளைப்பவை, மரக்கிளையில் பாசிக்குள் வேர்விடுபவை என்று ஒவ்வொன்றும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பூவை அழுத்தி உலர்த்தினால் கசங்கிக் கறையாகிவிடும். எந்த இதழ் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவள் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதில் பூவை மிதக்கவிட்டு, ஊசியால் சிறகிதழ்களை மெல்லப் பிரித்து, தேன் நிற்கும் வாலைத் தனியாக எடுத்து, அட்டையில் பரப்பி, ஸ்கேலை வைத்துப் படம் எடுப்பாள். இன்னொரு பூவை ஸ்பிரிட் குப்பியில் போடுவாள். ஒரு பூவுக்கு ஒரு மணி நேரம். குனிந்த முதுகில் மழை பெய்துகொண்டிருக்கும். வாட்சர் பின்னால் யானை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் தயாரித்த அட்டைகளை இன்று வேறு மாநில ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டு வாங்குகிறார்கள்.

மரங்களை எடுத்துக்கொள்கிறவர்களின் கஷ்டம் வேறு வகை. காக்காச்சியைச் சுற்றி வெடிப்பலா ஓங்கி நிற்கும். பூ கிளைத்தண்டிலேயே கொத்துக் கொத்தாக வரும். இதழே கிடையாது. சதைப்பற்றான புறவிதழைச் சிங்கவால் குரங்குகள் பிடுங்கித் தின்னும். என் மாணவன் ஒருவன் மரங்களில் அலுமினியத் தகட்டில் எண் அடித்துத் தொங்கவிட்டு, மாதாமாதம் பைனாகுலரில் மொட்டு, பூ, காய், தளிர் என்று குறித்துவந்தான். அந்தக் காட்டிலேயே பலாக்வியம் என்று ஒரு மரம் உண்டு. சில வருஷம் பூக்கவே பூக்காது. பிறகு ஒரு வருஷம் காடே பூத்ததுபோல் பூக்கும். அவன் கணக்கெடுத்த முதல் வருஷம் ஒன்றுமில்லை. "ஜீரோ ஜீரோன்னு எழுதிட்டே இருக்கேன் மேடம்" என்று சோர்ந்துபோய் வந்தான். எழுது என்றேன். அந்தப் பூஜ்யங்கள்தான் அவனுடைய முடிவு. அவை இல்லாமல் பூத்த வருஷத்துக்கு அர்த்தமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. நடுவில் பதிவு செய்து நடுவிலேயே பட்டம் வாங்கிவிட்டவர் அதைப் பூவோடு பார்த்திருக்க மாட்டார். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிலப்பகுதியில் மரங்களைத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்துவருகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் விட்டதை அடுத்த தலைமுறை எடுக்கிறது. பிஎச்.டி.யின் ஐந்து ஆறு வருஷத்தை அப்படியொரு நீண்ட பதிவோடு இணைத்துவிடுவதுதான் நல்ல வழி. புதிதாக ஒரு இடத்தைத் தொடங்குகிறவர்களிடம், மரத்தின் எண்ணையும் ஜி.பி.எஸ். புள்ளியையும் அடுத்தவர் தேடிப் போகிற மாதிரி எழுதிவைக்கச் சொல்வேன். எங்களுக்கு டோபோஷீட்டும் உயரமானியும்தான் இருந்தன. 2000ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கிய பிறகுதான், கையடக்கக் கருவியை நம்பி ஒரு மரத்தடிக்குத் திரும்பிப் போக முடிந்தது.

ஒரே இடத்தைப் பருவம் மாறிப் பார்ப்பதன் பலனைக் காட்ட நான் வகுப்பில் சொல்வது ஒரு தவளையைப் பற்றி. 2003இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் ஊதா நிறத் தவளை ஒன்றை உலகுக்கு அறிவித்தார்கள். வருஷம் முழுக்க மண்ணுக்குள் இருந்து, தென்மேற்கு மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வருவது. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், வடகிழக்கு மழைக்காலத்தில் ஓடையில் இருந்த தலைப்பிரட்டைகளை ஆராய்ந்தபோது அது வேறு இனம் என்று தெரிந்து, 2017இல் வெளியானது. அதற்குப் பூபதியின் பெயரை வைத்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் ஆராய்ந்தவர். 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விழுந்து உயிரிழந்தார். அவரை அறிந்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் பலர். அந்த வருஷத்திலிருந்து எந்த மாணவரையும் துணைக்கு ஆள் இல்லாமல் நான் மேலே அனுப்பியதில்லை. மழையில் பாறை ஏறுவதில்லை, திரும்பும் நேரத்தை அடிவாரத்தில் ஒருவரிடம் சொல்லாமல் கிளம்புவதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன்.

இனிக் கட்டுரைகளைப் பற்றி. 2009இல் யு.ஜி.சி. தீசிஸ் கொடுப்பதற்குமுன் ஒரு ஆய்வுக்கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. கோர்ஸ்வொர்க்கும் கட்டாயமானது. கோர்ஸ்வொர்க் நல்லது. புள்ளியியல் தெரியாமல் காட்டுக்குள் போய்விட்டு, திரும்பி வந்து என்ன செய்வதென்று விழிப்பவர்கள் அதனால் குறைந்தார்கள். கட்டுரைக் கட்டாயம்தான் பலரைக் கெடுத்தது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுவிடும் இதழ்கள் முளைத்தன. இரண்டு பருவம் கணக்கெடுக்க வேண்டிய பிள்ளை ஒரு பருவத்தோடு எழுத உட்கார்ந்தது. என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்த ஒரு தீசிஸில், வறண்ட மலையில் வளர முடியாத செடியெல்லாம் பட்டியலில் இருந்தது. மாதிரி எங்கே என்று கேட்டு எழுதினேன். மாதிரி இல்லை, கைபேசிப் படம்தான் இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினேன். 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியில் இன்னும் கேட்கின்றன. நான் மாணவர்களுக்குச் சொல்வது, ஒன்று எழுது, நல்ல இதழில் எழுது, எழுதுவதற்குமுன் மாதிரியை ஹெர்பேரியத்தில் சேர்த்து எண் வாங்கு.

உதவித்தொகை பற்றியும் ஒளிவுமறைவு வேண்டாம். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். வாங்குகிற பிள்ளை ஜீப் வாடகை, வாட்சருக்குக் கூலி, சாப்பாடு எல்லாம் சமாளித்துவிடும். அது கிடைக்காதவர்கள் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு சனி ஞாயிறில் மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கு நான் மலையைத் தருவதில்லை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு குளத்தை, ஒரு கோயில்காட்டை, ஒரு தேரிக்காட்டைத் தருவேன். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களுக்கு வரும் பறவைகளையும் தேரிமணலின் செடிகளையும் வாரம் தவறாமல் பார்க்க அவர்களால்தான் முடியும். இப்படிச் செய்த ஒருவருடைய பதிவுகள், மலையில் செய்த பலருடைய பதிவுகளைவிட முழுமையாக வந்தன.

பட்டத்துக்குப் பிறகு என்ன என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாவரவியல் ஆய்வகத்தில் விஞ்ஞானிப் பதவிகள் குறைவு. கல்லூரி வேலைக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் சிலர் வனத்துறைத் தேர்வு எழுதி ரேஞ்சராகப் போனார்கள். சிலர் காடு மீட்கும் தொண்டு நிறுவனங்களில் நாற்றங்கால் நடத்துகிறார்கள். எந்த விதை எந்த மாதம் விழும் என்று தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. சிலர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களில் சேர்ந்தார்கள். அங்கே போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். ஒரு வாரத்தில், கோடையில் பார்த்துவிட்டு "இங்கே அரிய தாவரம் இல்லை" என்று கையெழுத்துப் போடாதே, பார்த்த மாதத்தையும் அறிக்கையில் எழுது. அப்படி எழுதிய ஒருத்திக்கு வேலை போனது. இன்னொரு இடத்தில் கிடைத்தது.

ஓய்வுபெற்ற பிறகு கல்லூரி ஹெர்பேரியத்தில்தான் என் நேரம் போகிறது. மாணவர்கள் சேர்த்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, லேபிளைத் தட்டச்சு செய்து, இடப்பெயர்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுகிறோம். சனிக்கிழமைதோறும் இளங்கலைப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். பூச்சி அரித்த ஷீட்டை எப்படித் தூக்குவது, உதிர்ந்த விதையை எப்படிக் காகித உறையில் போட்டு ஒட்டுவது என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். பூக்கும் தாவரங்கள் முக்கால்வாசி முடிந்துவிட்டன. பெரணி அலமாரி அப்படியே கிடக்கிறது. எனக்குப் பெரணி அவ்வளவு தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வரலாம். மைக்ராஸ்கோப் இருக்கிறது, மேஜையும் காலியாக இருக்கிறது.